நோட்டீஸ் எழுதும் கைக்கு யார் சட்டம் சொல்லித் தருகிறார்கள்?

மலாக்கா பாச்சாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடை மேசையில் அண்மையில் ஒரு காகிதம் கைமாறிக்கொண்டிருந்தது. வேறு மாநிலத்தில் ஐந்தடியில் மாலை கட்டி விற்கும் ஒருவர், இங்கே இருக்கும் தன் மச்சானிடம் காட்டுவதற்காகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வந்திருந்தார். எந்த ஊராட்சி மன்றம் கொடுத்தது என்பதை விட்டுவிடலாம். இப்படி ஒன்று எந்த ஊரிலும் கிடைக்கும். மேல் பாதி அச்சு, கீழ்ப் பாதி பேனா. சட்டம், பிரிவு என்று அச்சிட்டிருந்த கோடுகளில் ஒன்றும் எழுதப்படவில்லை. குற்றம் என்ற இடத்தில் இடைஞ்சல் என்று பொருள்படும் ஒரே ஒரு மலாய்ச் சொல். ஏழு நாளில் அகற்ற வேண்டும், தவறினால் மேல் நடவடிக்கை. அடியில் தலைவருக்காக என்று போட்டு ஒரு கிறுக்கல். பெயர் முத்திரை கிடையாது.

“மச்சான், இது சம்மனா, வெறும் சூராட்டா?” என்று கேட்டார் மாலைக்காரர்.

“கட்டிடுங்க. இல்லேன்னா அங்க நம்ம கவுன்சிலர் ஒருத்தர் இருப்பாருல்ல, அவர்கிட்ட சொன்னா குறைச்சுக் குடுப்பாரு.”

“எவ்வளவு கட்டுறது? தொகையே போடலையே!”

இந்த உரையாடலில் சட்டம் தெரியாதவர்கள் இரண்டு பேர் என்று நினைப்பது எளிது. எனக்கென்னவோ மூன்றாவது ஆள் ஒருவர் இருப்பதாகவே படுகிறது. அந்தக் கோடுகளை நிரப்பாமல் கையெழுத்துப் போட்ட அதிகாரி அவர். முதல் இருவருக்கும் தெரியாமல் இருப்பது அவர்கள் பாடு. மூன்றாமவருக்குத் தெரியாமல் இருப்பது ஊரின் பாடு.

அமலாக்க அதிகாரியின் பையில் என்னென்ன சட்டங்கள் இருக்கின்றன என்று ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும். 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171. சாலை, வடிகால், கட்டடச் சட்டம் 1974, சட்டம் 133. நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் 1976, சட்டம் 172. இவற்றின் கீழ் ஒவ்வொரு மன்றமும் இயற்றிக்கொண்ட துணைச் சட்டங்கள்: வணிக லைசென்ஸ், அங்காடிக் கடை, சந்தை, விளம்பரப் பலகை, நாய், உணவகம் என்று ஒரு வரிசை. ஒவ்வொன்றிலும் நடைமுறை வேறு. ஒன்றில் முதலில் நோட்டீஸ் தர வேண்டும். இன்னொன்றில் நேரே பொருளைப் பறிமுதல் செய்யலாம். மற்றொன்றில் நீதிமன்ற உத்தரவு வேண்டும். துணைச் சட்டத்தை மாநில அரசு உறுதிப்படுத்தி, அரசாங்கப் பதிவேட்டில் வெளியிட்ட பிறகுதான் அதற்கு உயிர். சட்டம் 171-இன்படி துணைச் சட்டத்தை மீறியவருக்கு 2,000 ரிங்கிட் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க வகை செய்யலாம். மாலை விற்கிற ஒருவரைப் பொறுத்தவரை இது சின்ன விஷயம் இல்லை. அந்தக் காகிதத்தில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்ற கோடு காலியாக இருந்தால், அவர் எதை எதிர்த்து வாதாடுவார்?

மலாக்காத் தமிழர்களுக்கு இந்த விஷயம் ஏன் தனியாகச் சொல்ல வேண்டியதாக இருக்கிறது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. ஜாசினிலும் அலோர் காஜாவிலும் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த தலைமுறைக்கு நகராண்மைக் கழகம் என்றால் என்னவென்றே தெரியாது. தோட்டம் தனியார் நிலம். சாலை கம்பெனி போட்டது, தண்ணீர் கம்பெனி விட்டது, லயத்து வீட்டுக்கு ஓடு மாற்ற வேண்டுமானால் ஆபீசுக்குப் போய்க் கிராணியிடம் சொல்ல வேண்டும். வீட்டு வசதி பற்றிய சட்டம்கூட, 1990-ஆம் ஆண்டின் சட்டம் 446, தொழிலாளர் இலாகாவின் பொறுப்பில்தான் இருந்தது. மாடு வளர்க்க, கொட்டகை போட, கோயிலுக்கு முன்மண்டபம் எழுப்ப, எல்லாவற்றுக்கும் ஒரே அனுமதிதான்: துரை தலையசைக்க வேண்டும். எழுத்தில் ஒன்றும் இருக்காது.

தோட்டங்கள் துண்டாகி விற்கப்பட்டு, செம்பனை போய் தாமான் வந்து, மக்கள் பாச்சாங், செங், பத்து பெரெண்டாம் பக்கம் வாடகைக்கும் மலிவு வீட்டுக்கும் வந்து சேர்ந்தபோது, அவர்கள் முதல் முறையாகச் சந்தித்த அரசாங்கம் எது? போலீஸ் இல்லை, நாடாளுமன்றமும் இல்லை. கேட்டில் ஒட்டப்பட்ட நோட்டீஸ். பின்கட்டில் முறுக்குச் சுடுவதற்கு லைசென்ஸ் வேண்டும் என்று சொன்ன அதிகாரி. மாட்டைப் பிடித்துப் போன லாரி. சுக்காய் பிந்து என்ற மதிப்பீட்டு வரி பில். தோட்டத்தில் துரை சொன்னதே சட்டம் என்று பழகியவர்கள், இங்கே வந்த அதிகாரி சொன்னதையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அதிகாரிக்கும் அது வசதியாகப் போயிற்று. இந்தப் பழக்கம்தான் இன்றைக்கும் முதல் பிரச்சினை என்பது என் கணிப்பு.

இதற்கு ஒரு மாற்று இருந்தது. இந்த நாட்டில் ஊராட்சி மன்றங்களுக்குத் தேர்தல் நடந்த காலம் உண்டு. 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுனில் தொடங்கியது. 1965 மார்ச்சில், இந்தோனேசியாவோடு மோதல் நிலவிய நேரத்தில், அவசரகாலக் கட்டளைகளின் கீழ் நிறுத்திவைத்தார்கள். அதே ஆண்டு, மேற்கு மலேசிய ஊராட்சி மன்றங்கள் எப்படி நடக்கின்றன என்று விசாரிக்க ஓர் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன், வழக்கறிஞர், ம.இ.கா.வின் முன்னணித் தலைவர்களில் ஒருவர். அந்தக் காலகட்டத்தில் நிர்வாகக் குளறுபடி என்று சொல்லி மாநில அரசுகள் தம் கைக்கு எடுத்துக்கொண்ட மன்றங்களில் மலாக்கா நகராண்மையும் ஒன்று. எனவே மன்றங்களின் குறைகளை அறியாத ஆணையம் அல்ல அது. ஆனாலும் 1968-இல் அது கொடுத்த அறிக்கை, தேர்தல் வேண்டும் என்றே சொன்னது. எல்லாக் குறைகளையும் கூட்டிக் கழித்துப் பார்த்தாலும், நியமனத்தைவிடத் தேர்ந்தெடுப்பது மேல் என்பதே அதன் முடிவு. அரசாங்கம் ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, ஊராட்சித் தேர்தல் பற்றிய விதிகள் இனிச் செல்லாது என்று கதவை மூடியது. பினாங்கு மாநிலம் 2012-இல் தனியாக ஒரு சட்டம் இயற்றி அதைத் திறந்து பார்க்க முயன்றது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் முடியாது என்றது.

தேர்தலைப் பற்றிய பழைய வழக்கை இங்கே மறுபடி நடத்த நான் வரவில்லை. அதன் விளைவைத்தான் சொல்ல வருகிறேன். தலைவரோ மேயரோ ஒருவர், அவரோடு 8 முதல் 24 வரை உறுப்பினர்கள். எல்லாரையும் மாநில அரசே நியமிக்கிறது. ஒரு தவணை மூன்று ஆண்டுக்கு மேல் போகாது. பிடிக்காவிட்டால் அவர்களை வீட்டுக்கு அனுப்ப நம்மிடம் ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாத இடத்தில் மன்றத்தைக் கட்டுப்படுத்த மிச்சம் இருப்பது சட்டம் ஒன்றுதான். அந்தச் சட்டமோ, நீதிமன்றப் படி ஏறுகிறவரை, மன்றத்தின் சொந்த ஊழியர்களின் கையில்தான் இருக்கிறது. ஆகவே அவர்களுக்கு என்ன சட்டம், எந்தக் கோணத்திலிருந்து கற்றுத்தரப்படுகிறது என்பது ஏதோ அலுவலக உள்விவகாரம் போல ஒதுக்கக்கூடியது அல்ல. தேர்தல் நடக்கும் நாட்டைவிட நமக்குத்தான் அது அதிகம் தேவை.

சட்டம் 171-இன் 107-ஆம் பிரிவை எடுத்துக்கொள்வோம். சிறுவியாபாரிகள் தலையெழுத்து அதில்தான் இருக்கிறது. லைசென்சுக்கு மன்றம் தனக்குச் சரியென்று படும் நிபந்தனைகளை விதிக்கலாம்; எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல், ரத்து செய்யலாம்; ரத்து செய்ததற்கு நஷ்டஈடு கேட்க முடியாது; புதுப்பிக்க மறுப்பதற்கும் காரணம் சொல்லத் தேவையில்லை. இந்த வாசகத்தை மட்டும் படித்த அதிகாரி என்ன கற்றுக்கொள்வார்? யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம் என்பதைத்தான்.

ஆனால் சட்டம் என்பது அந்த வாசகத்தோடு முடிந்துவிடுவதில்லை. 1977-இல், சுங்க முகவர் ஒருவரின் அனுமதியை அவரிடம் விளக்கம் கேட்காமலே ரத்து செய்த வழக்கு, ஹோ குவான் செங் வழக்கு, கூட்டரசு நீதிமன்றத்துக்கு வந்தது. சட்டத்தில் விசாரணை பற்றி எழுதியிருக்கிறதோ இல்லையோ, ஒருவரின் பிழைப்பைப் பறிக்கும் முன் அவர் பக்கத்தைக் கேட்பது கடமை என்று நீதிமன்றம் சொன்னது. இரண்டு ஆண்டு கழித்து ஸ்ரீ லெம்பா வழக்கில், நிலத்தின் பயன்பாட்டை மாற்ற அனுமதி கேட்டவரிடம், நிரந்தர உரிமை நிலத்தைத் திருப்பிக் கொடுத்து 99 ஆண்டுக் குத்தகையாக வாங்கிக்கொள் என்று நிபந்தனை போட்ட நில அலுவலகத்தைத் தடுத்து நிறுத்தியது. எந்த அதிகாரத்துக்கும் எல்லை உண்டு என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். இரண்டிலும் தீர்ப்பு எழுதியவர் பின்னாளில் மாமன்னரான ராஜா அஸ்லான் ஷா. இந்த நாட்டின் நிர்வாகச் சட்டத்துக்கு அரிச்சுவடியே இவைதான். ஐம்பது ஆண்டு ஆகப்போகிறது. 107-ஆம் பிரிவைக் காட்டிக் கதவை அடைக்கும் ஒரு லைசென்ஸ் அதிகாரிக்கு இந்த இரண்டு தீர்ப்பின் பெயராவது தெரிந்திருக்குமா என்பதே என் சந்தேகம்.

அண்மைக்கால வழக்கு ஒன்றும் உண்டு. கோலாலம்பூர் தாமான் ரிம்பா கியாராவில், பூங்காவாக இருந்த இடத்தில் அடுக்குமாடி கட்ட மாநகர் மன்றம் கொடுத்த மேம்பாட்டு அனுமதியைக் குடியிருப்பாளர்கள் எதிர்த்தார்கள். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதி செல்லாது என்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன். பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு வழக்குத் தொடுக்கும் தகுதி உண்டு. முடிவெடுத்ததற்குக் காரணம் சொல்ல வேண்டும். அனுமதி தந்த மேயரே, திட்டத்தில் பங்கு கொண்ட அறவாரியத்தின் பொறுப்பிலும் இருந்தது நலன் முரண்பாடு. இந்த மூன்றில் ஒன்றாவது முன்கூட்டியே யாருக்கும் தெரியாத சட்டமா? மன்றத்துக்குள் இருந்த வழக்கறிஞர் ஒருவர், கோப்பு மேசைக்கு வந்த நாளிலேயே “டத்தோ, இதில் நீங்கள் கையெழுத்துப் போடக்கூடாது” என்று சொல்லியிருக்க வேண்டியது. யாராவது சொன்னார்களா என்பது கோப்புக்குத்தான் தெரியும்.

இங்கேதான் மன்றத்து வழக்கறிஞரின் நிலைமையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பெரிய மன்றங்களில் சட்டப் பிரிவு இருக்கும். சட்டம் படித்த அதிகாரிகள் சிலர் இருப்பார்கள். சிறிய மாவட்ட மன்றத்தில் அதற்கும் ஆள் பஞ்சம். சிவில் வழக்கு வந்தால் வெளியிலிருந்து வழக்கறிஞர் நிறுவனத்தை அமர்த்துகிறார்கள். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் துணைச் சட்டக் குற்றங்களுக்கு வழக்கு நடத்துவது வேறு ஏற்பாடு: குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவின்படி, அரசாங்க வழக்கறிஞர் எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்தால், ஊராட்சி மன்ற அதிகாரியே நின்று வழக்கு நடத்தலாம். அதாவது, மலாக்காவின் ஆயர் குரோ நீதிமன்ற வளாகத்தில் ஒரு சிறுவியாபாரிக்கு எதிரே நிற்பவர் வழக்கறிஞராக இருக்க வேண்டும் என்றில்லை. நேற்றுவரை சந்தையில் கடை அளந்தவராகக்கூட இருக்கலாம்.

அவருக்குப் பயிற்சி கிடையாது என்று சொல்ல மாட்டேன். பாங்கியில் இல்காப் என்று அழைக்கப்படும் நீதி, சட்டப் பயிற்சிக் கழகம் இருக்கிறது. பிரதமர் துறையின் கீழ் இயங்குகிறது. அரசாங்க வழக்கறிஞர்களோடு, அமலாக்க அமைப்புகளின் அதிகாரிகளும் அங்கே போய்ப் படித்து வருகிறார்கள். பொது நிர்வாகத்துக்கு இந்தான் (INTAN) என்ற கழகம் இருக்கிறது. வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சுக்கும் தனியாகப் பயிற்சிக் கழகம் உண்டு. விசாரணைக் கோப்பு எப்படித் திறப்பது, வாக்குமூலம் எப்படி எடுப்பது, குற்றச்சாட்டை எப்படி எழுதுவது, கைப்பேசியில் எடுத்த படத்தை 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 90-ஏ பிரிவின்படி எப்படி நீதிமன்றத்தில் ஏற்க வைப்பது, இவையெல்லாம் தேவையான பாடங்கள். பிரிவு எண்ணைத் தவறாகப் போட்டு வழக்கு விழுந்தால் அரசாங்கப் பணமும் போச்சு, குற்றம் செய்தவரும் தப்பினார்.

என் குறை, பாடத்தின் திசையில். இவையெல்லாம் வழக்கை ஜெயிக்கிற பாடம். வழக்கே வராமல் முடிவெடுக்கிற பாடம் எங்கே? ஒரு நோட்டீசில் என்னென்ன இருக்க வேண்டும், எத்தனை நாள் கொடுத்தால் நியாயம், விளக்கக் கடிதம் வந்தால் அதை யார் படிக்க வேண்டும், மறுப்பதற்கான காரணத்தை இரண்டு வரியில் எப்படி எழுதுவது, அரசியல் தலைவர் போனில் சொன்னதைக் கோப்பில் எப்படிப் பதிவது. கடைசியில் சொன்னதுதான் மிகவும் கடினம். அதற்கு அறிவைவிடத் தைரியம் வேண்டும். தைரியத்துக்குப் பின்னால் ஒரு பதவிப் பாதுகாப்பு வேண்டும்.

இங்கிலாந்தில் அதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 1989-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி ஒவ்வொரு மன்றத்திலும் ஓர் அதிகாரி கண்காணிப்பாளராக நியமிக்கப்பட வேண்டும். பெரும்பாலும் மன்றத்தின் தலைமை வழக்கறிஞரே அந்தப் பொறுப்பில் இருப்பார். மன்றம் எடுக்கப்போகும் முடிவு சட்டத்தை மீறும் என்று அவருக்குப் பட்டால், எழுத்து மூலம் அறிக்கை கொடுப்பது அவருடைய கடமை. விருப்பம் அல்ல, கடமை. நம் மன்றங்களின் சட்ட அதிகாரி அப்படி எழுதினால் அடுத்த பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் எங்கே இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. தப்பான முடிவுக்கு மன்றம்தான் கடைசியில் நீதிமன்றத்தில் பதில் சொல்லிவிடுகிறதே, பிறகென்ன என்பார்கள். 1993 டிசம்பர் 11-ஆம் தேதி ஹைலேண்ட் டவர்ஸ் கட்டடம் ஒன்று சரிந்து 48 பேர் இறந்தது நினைவிருக்கும். 2000-இல் உயர்நீதிமன்றம் அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்தின் மேலும் ஒரு பங்குப் பொறுப்பைச் சுமத்தியது. மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி கோபால் ஸ்ரீ ராம் எழுதிய தீர்ப்பை மாற்றி, 2006-இல் கூட்டரசு நீதிமன்றம் கழகத்தை முழுமையாக விடுவித்தது. சட்டம் 133-இன் 95-ஆம் பிரிவு அதற்கு அரணாக நின்றது. கட்டட வரைபடத்தை ஏற்றதற்காக, மேற்பார்வை பார்த்ததற்காக மன்றத்தின் மேல் வழக்குப் போட முடியாது. இப்படி ஓர் அரண் இருக்கும்போது, வழக்குக்குப் பயந்து அதிகாரி கவனமாக இருப்பார் என்று எதிர்பார்க்க முடியுமா? மற்ற முடிவுகளுக்கும் சீராய்வு மனு போட மூன்றே மாதம்தான் அவகாசம். முதலில் அனுமதி வாங்க வேண்டும். வழக்கறிஞர் கட்டணம் வேறு. பாச்சாங்கில் தோசைக் கடை வைத்திருப்பவர் உயர்நீதிமன்றத்துக்குப் போகப் போவதில்லை. அவருக்குக் கிடைக்கப்போகும் நியாயம் முழுவதும் கவுண்டரில்தான் கிடைக்க வேண்டும்.

கவுன்சிலர்களைப் பற்றி. நம்மிடையே மன்ற உறுப்பினர் பதவி என்பது கட்சி கொடுக்கும் மரியாதை. டேவான் திறப்புவிழாவில் முன்வரிசை நாற்காலி. சிலர் உண்மையிலேயே ஓடி ஓடி வேலை செய்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் மக்கள் அவர்களிடம் கேட்பது என்ன? “சம்மனைக் கொஞ்சம் குறைச்சுக் குடுங்க.” அவர்களும் அதையே சேவை என்று கணக்குக் காட்டுகிறார்கள். மன்றங்களும் பல சமயம் சம்மன் தொகையைத் தீபாவளி மலிவு விற்பனை போலத் தள்ளுபடியில் வசூலிக்கின்றன. குற்றம் செய்தவருக்கு இது லாபம். குற்றமே செய்யாதவர், நோட்டீஸ் தப்பு என்று வாதாட வேண்டியவர், பத்து இருபது ரிங்கிட்டோடு தொல்லை விட்டது என்று கட்டிவிட்டுப் போகிறார். தப்பான நோட்டீஸ் தப்பு என்று எங்கேயும் பதிவாவதில்லை. அதே அதிகாரி அதே கோட்டை அடுத்த கடையிலும் காலியாக விடுகிறார்.

சட்டத்தில் உறுப்பினருக்கு வேறு வேலை இருக்கிறது. துணைச் சட்டத்தை இயற்றுவது அவர்கள். மன்றத்தின் முழுக் கூட்டம், வேறு விதமாகத் தீர்மானித்தால் ஒழிய, பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்தது என்று சட்டம் 171-இன் 23-ஆம் பிரிவு சொல்கிறது. போய் உட்கார்ந்து கேட்டவர் நம்மில் எத்தனை பேர்? சுக்காய் பிந்து வரிக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதிய மதிப்பீட்டுப் பட்டியல் தயாரிக்க வேண்டும், அல்லது மாநில அரசிடம் கால நீட்டிப்பு வாங்க வேண்டும் என்பது சட்டம். பல மன்றங்கள் நீட்டித்துக்கொண்டே போய், ஒரு நாள் திடீரென்று வரியை உயர்த்தும்போது ஊரே கூச்சல் போடுகிறது. ஆட்சேபம் தெரிவிக்க விரும்புகிறவர், பட்டியலைத் திருத்தக் குறித்த நாளுக்குப் பதினான்கு நாள் முன்பாகவே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். உறுப்பினர் இதைத் தன் வட்டாரத் தமிழரிடம் முன்கூட்டிச் சொல்லியிருந்தால், பில் வந்த பிறகு அவரைத் தேடி வரிசை நின்றிருக்காது.

கேரளத்தில் திருச்சூருக்குப் பக்கத்தில் கிலா என்று ஒரு கழகம் 1990-இலிருந்து இருக்கிறது. பஞ்சாயத்து உறுப்பினரையும் செயலாளரையும் உட்கார வைத்து, சட்டத்தையும் வரவு செலவையும் சொல்லிக் கொடுப்பதே அதன் வேலை. அங்கே தேர்தல் இருக்கிறது, இங்கே இல்லை என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். நியமிக்கப்பட்டவருக்குப் பாடம் எடுப்பது இன்னும் எளிது. நியமனக் கடிதத்தோடு நிபந்தனையாகவே சேர்த்துவிடலாம்.

பாச்சாங்குக்குப் பக்கத்தில் காஜா பெராங்கில் கம்போங் செட்டி இருக்கிறது. போர்த்துகீசியருக்கும் முன்பிருந்தே மலாக்காவில் வேர் பிடித்த மலாக்காச் செட்டிகளின் கிராமம். 1822-இல் எழுந்த முத்துமாரியம்மன் கோயில் அங்கே. சில ஆண்டுகளுக்கு முன் கிராமத்தை ஒட்டி உயர்மாடிக் கட்டடங்கள் எழுப்பும் திட்டம் வந்தபோது அவர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். அந்த விவகாரத்தின் சரி தப்புக்குள் நான் போகவில்லை. திட்டமிடல் சட்டத்தின் ஏற்பாட்டை மட்டும் பார்க்கிறேன்: உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில், மேம்பாட்டு மனு வந்தால் அடுத்த நிலத்தின் சொந்தக்காரர்களுக்கு நோட்டீஸ் கொடுத்து, ஆட்சேபிக்க 21 நாள் தர வேண்டும். உள்ளூர்த் திட்டம் வந்துவிட்ட பகுதியில் இந்தக் கட்டாயம் இல்லாமல் போகிறது. திட்டம் வரைவாக மக்கள் பார்வைக்கு வைக்கப்படும் நாள்களிலேயே பேசியிருக்க வேண்டும். பேசாதவருக்குப் பிறகு கட்டடம் எழும்போதுதான் தெரியும். பாரம்பரியக் கிராமத்துப் பெரியவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியவர் யார்? மன்றத்தின் திட்டமிடல் அதிகாரி. அவருக்குக் கொடுக்கும் பயிற்சியில், வரைபடத்தைச் சுவரில் மாட்டுவது மட்டும் போதாது, பக்கத்து வீட்டு வாசலில் நின்று விளக்கவும் வேண்டும் என்பது ஒரு பாடமாக இருக்கிறதா?

சட்டமும் மாறிக்கொண்டே இருக்கிறது. திடக்கழிவுச் சட்டம் 672 நடப்புக்கு வந்த 2011 செப்டம்பரிலிருந்து மலாக்காவில் குப்பை அள்ளுவது மன்றத்தின் நேரடி வேலையாக இல்லை. வீட்டு வாசலில் தொட்டி மூன்று நாளாகக் கிடந்தால் யாரிடம் சொல்வது என்று மக்களுக்கு இன்னும் குழப்பம். கவுண்டரில் இருப்பவர் கை காட்டும் திசையும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. 2026 ஜனவரியிலிருந்து, பொது இடத்தில் குப்பை போட்டவருக்கு நீதிமன்றம் சமூகச் சேவை ஆணை விதிக்கவும் வழி வந்துவிட்டது. ரோட்டில் துடைப்பத்தோடு ஒருவரை நிறுத்துவது அபராதம் மாதிரி அல்ல. அவர் மானம் சம்பந்தப்பட்டது. சிகரெட் துண்டை எறிந்தவர் இவர்தான் என்று நிரூபிக்கும் பொறுப்பு, அந்த இடத்தில் படம் பிடித்த அதிகாரியின் தலையில் விழுகிறது. சரியாகப் பயிலாத ஆள் கையில் இந்த அதிகாரம் போனால், முதலில் மாட்டுகிறவர்கள் வெளிநாட்டுத் தொழிலாளியும் தெருவோரத்து ஏழையும்தான்.

மலாக்கா சிறிய மாநிலம். மலாக்கா வரலாற்று மாநகர் மன்றம், ஹாங் துவா ஜெயா, அலோர் காஜா, ஜாசின் என்று நான்கே மன்றங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். பாங்கிக்கு ஆண்டுக்கு ஒரு சிலரை அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. நான்கு மன்றங்களின் சட்டப் பிரிவுகளும் சேர்ந்து ஆயர் குரோவில் மாதம் ஒரு நாள் உட்காரலாம். வெளியாள் விரிவுரை வேண்டாம்; அந்த மாதம் தாங்களே கொடுத்த நோட்டீஸ்களில் இருபதை உருவி மேசையில் போட்டுப் படித்தால் போதும். எதில் பிரிவு எண் இல்லை, எதில் தேதி இல்லை, எதில் காரணம் இல்லை. நீதிமன்றத்தில் விழுந்த வழக்கின் குறிப்பையும் கொண்டு வரட்டும். வழக்கறிஞர் மன்றத்தின் மலாக்காக் கிளையிலிருந்து, மன்றங்களுக்கு எதிராக வழக்காடும் வழக்கறிஞர் ஒருவரையும் அழைத்து உட்கார வைக்கலாம். தங்கள் காகிதம் எதிர்த்தரப்பின் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதை அவரைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது. அவருக்கு ஒரு கப் தேநீரும் பெட்ரோல் காசும் கொடுத்தால் போதும்.

நோட்டீஸ் படிவத்தை மாற்றுவதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டாம். சட்டம், பிரிவு, நடந்த தேதி, இடம், என்ன செய்ய வேண்டும், எத்தனை நாளுக்குள், யாரிடம் விளக்கம் சொல்லலாம், அவர் அறை எண், தொலைபேசி. இவை நிரப்பப்படாத நோட்டீஸ் செல்லாது என்று மன்றத் தலைவரே ஒரு சுற்றறிக்கை விடலாம். பின்பக்கத்தில் தமிழிலும் சீனத்திலும் நான்கு வரி அச்சடித்தால் தேசிய மொழிக்கு ஒரு குறையும் வந்துவிடாது. முன்பக்கம் முழுவதும் மலாய்தானே.

மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலை அடிவாரத்தில் தற்காலிகக் கடை போடுகிறவர்கள் லைசென்சுக்கு மனுக் கொடுக்கும் பருவம் ஆண்டுதோறும் வரும். இடம் மறுக்கப்பட்டவர்களுக்கு, மறுத்த காரணத்தை ஒரே ஒரு வரியில் எழுதிக் கொடுத்துத் தொடங்கட்டும். 107-ஆம் பிரிவு அதைக் கேட்கவில்லைதான். எழுதக் கூடாது என்றும் அது சொல்லவில்லை.